வார்ப்பை உடைத்த தூரிகை

ஓவிய வகுப்பில், ‘ஓர் இந்தியப் பெண்ணை வரையுங்கள்’ என்று ஆசிரியர் சொல்கிறார் என வைத்துக்கொள்வோம். பெரும்பாலோர் என்ன வரைவர்? புடவை, நெற்றிப் பொட்டு, தலை நிறையப் பூ. ஜொகூரில் குளுவாங், சிகாமட் பக்கத்துத் தோட்டங்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் என்றால், தலையில் துணி கட்டிக் கையில் வாளி ஏந்திய பால்வெட்டுப் பெண்ணை வரையக்கூடும். அத்தகைய பெண்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனால், அதே வகுப்பில் அமர்ந்திருக்கும் இந்திய மாணவி அந்தப் படத்தில் தன்னைக் காண்பாளா?

‘இந்த இனத்தவர் இப்படித்தான், பெண் என்றால் இப்படித்தான்’ என்று எல்லாரையும் ஒரே அச்சில் வார்த்துப் பார்ப்பதை வார்ப்புச் சிந்தனை எனலாம். அந்த அச்சு முழுப் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அது மட்டுமே உண்மை என நம்பிவிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. இந்தச் சிக்கலைத் தம் ஓவியங்களில் நேருக்கு நேர் சந்தித்தவர் அம்ரிதா ஷெர்கில்.

அவர் 1913ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் ஹங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்டில் பிறந்தார். தந்தை உம்ராவ் சிங், பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியச் செல்வக் குடும்பத்தவர். சமஸ்கிருதமும் பாரசீகமும் கற்றவர். புகைப்படக் கலையில் பெரும் ஈடுபாடு கொண்டவர். தாயார் மேரி அந்துவானெத், ஹங்கேரியப் பாடகி. முதல் உலகப் போர் முடிந்த பின்னர், 1921இல் குடும்பம் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து சிம்லாவில் குடியேறியது. எட்டு வயதுச் சிறுமிக்கு அது புதிய நாடு. எட்டு ஆண்டுகள் கழித்து, 1929இல், ஓவியம் பயில்வதற்காகப் பெற்றோர் அவரைப் பாரிஸ் நகருக்கு அழைத்துச் சென்றனர். அதுவும் புதிய நாடுதான். சொந்த ஊர் எது என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை சொல்ல அவரால் முடிந்திருக்காது.

பாரிஸில் அவருடைய திறமை விரைவிலேயே வெளிப்பட்டது. தங்கை இந்திராவையும் ஒரு பிரெஞ்சுத் தோழியையும் பார்த்து 1932இல் வரைந்த ‘இளம் பெண்கள்’ என்னும் ஓவியம் மறு ஆண்டே தங்கப் பதக்கம் வென்றது. எனினும் அவருடைய பேராசிரியர் ஒரு கருத்தைக் கூறிவந்தார்: அம்ரிதாவின் வண்ணங்கள் மேற்கு நாட்டின் மங்கிய ஓவியக் கூடங்களுக்கு உரியவை அல்ல, கிழக்கின் ஒளியில்தான் அவை மலரும். அம்ரிதா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஆயினும் அந்தச் சொற்களைச் சற்று உற்றுக் கவனியுங்கள். புடாபெஸ்டில் பிறந்து பாரிஸில் பயின்ற ஒரு பெண்ணிடம், ‘உன் இடம் இதுவன்று’ என்று அன்போடு சொல்வதும் ஒருவகை வார்ப்புத்தானே?

1934இல் அவர் வரைந்த ஒரு தன்னோவியத்தைப் புரிந்துகொள்ள, முதலில் இன்னொருவரை அறிய வேண்டும். போல் கோகன் என்னும் பிரெஞ்சு ஓவியர் 1891இல் பசிபிக் பெருங்கடலில் உள்ள தஹித்தித் தீவுக்குச் சென்றார். அங்குள்ள பெண்களைப் பளிச்சிடும் வண்ணங்களில் வரைந்தார். நாகரிகம் தீண்டாத சொர்க்கம், அதில் கவலையற்ற அழகிகள் என்று அவர் ஐரோப்பாவுக்குக் காட்டினார். தஹித்தி அப்போது பிரான்சின் ஆட்சியில் இருந்தது. தீவு மக்களின் வாழ்க்கை சொர்க்கமாக இல்லை. ஆனாலும் அந்தப் படங்களே உண்மை என ஐரோப்பியர் பலர் நம்பினர். வரைந்தவர் ஓர் ஐரோப்பிய ஆண். வரையப்பட்டவர்கள் குடியேற்ற நாட்டின் பெண்கள். அந்தப் பெண்கள் தங்களைப் பற்றிச் சொல்ல அங்கே இடமே இல்லை.

கோகனின் ஓவியங்களை அம்ரிதா விரும்பிக் கற்றவர். அப்படியிருந்தும் ‘தஹித்திப் பெண்ணாக நான்’ என்ற ஓவியத்தில், கோகனின் தீவுப் பெண் நிற்கும் இடத்தில் தம்மையே நிறுத்தினார். முகத்தில் சிரிப்பு இல்லை. கூந்தல் எளிமையாகப் பின்னால் கட்டப்பட்டிருக்கிறது. கைகள் முன்னே ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்திருக்கின்றன. கண்கள் நம்மைப் பார்க்காமல் வேறெங்கோ நோக்குகின்றன. முதுகுக்குப் பின்னால் ஓர் ஆணின் பெரிய நிழல் விழுந்திருக்கிறது. அந்த நிழல் யாருடையது என்று ஓவியம் சொல்லவில்லை. ஓவியரா, பார்வையாளரா, கோகனேதானா என்று ஆய்வாளர்கள் பலவாறு பொருள் கொள்கின்றனர். எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. அம்ரிதா தஹித்தியைச் சேர்ந்தவர் அல்லர். ஆனால், ஐரோப்பியரின் கண்ணுக்கு இந்தியப் பெண்ணும் தீவுப் பெண்ணும் ஒரே ‘கீழ்த்திசை அழகி’தான். அந்த வார்ப்புக்குள் அவரே நுழைந்து நின்று, உள்ளே இருப்பவளுக்கு எப்படி இருக்கும் என்று காட்டிவிட்டார். இம்முறை தூரிகையும் அவள் கையில்தான் இருந்தது.

அதே ஆண்டின் இறுதியில் அம்ரிதா இந்தியா திரும்பினார். புடவை உடுத்தத் தொடங்கினார். பயண விளம்பரத் தாள்களில் காணும் வெயிலும் வண்ணமும் நிறைந்த இந்தியாவை எதிர்பார்த்து வந்ததாகவும், குளிர்காலத்தில் தாம் கண்டது முற்றிலும் வேறான, துயரம் தோய்ந்த நாடு என்றும் அவரே எழுதியிருக்கிறார். அவர் மனத்திலும் ஒரு வார்ப்பு இருந்திருக்கிறது! 1935இல் அவர் வரைந்த ‘மூன்று பெண்கள்’ ஓவியத்தில் மூன்று இளம் பெண்கள் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். அவர்களைச் சுற்றி வீடு இல்லை, மரம் இல்லை, நகைநட்டும் இல்லை. பிறர் முடிவு செய்யப்போகும் ஒன்றுக்காகக் காத்திருப்பவர்களைப் போல மௌனமாக இருக்கிறார்கள். 1937இல் பம்பாய்க் கலைக் கழகம் இதற்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. அதற்கு முன் சிம்லா ஓவியக் கழகம் அவருடைய படங்களில் சிலவற்றை ஒதுக்கிவிட்டு, ஒன்றுக்கு மட்டும் பரிசு அளித்தபோது, அந்தப் பரிசை அவர் ஏற்க மறுத்தார்.

அவர் தென்னகம் நோக்கிப் பயணம் மேற்கொண்டது 1936ஆம் ஆண்டின் இறுதியில். அஜந்தாக் குகை ஓவியங்களையும் கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களையும் கண்டார். திருவனந்தபுரம், கன்னியாகுமரி வரை சென்றார். இப்பயணத்தின் விளைவாக 1937இல் ‘மணமகள் அலங்காரம்’, ‘பிரம்மச்சாரிகள்’, ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்’ ஆகிய மூன்று பெரிய ஓவியங்கள் பிறந்தன. இவற்றில் கருநிறம் மறைக்கப்படவில்லை. வெண்ணிற ஆடைக்கு அருகே ஆழ்ந்த பழுப்பு நிற உடல்கள் கம்பீரமாக நிற்கின்றன. ‘மணமகள் அலங்காரம்’ ஓவியத்தில் மணமகளின் நிறம் வெளிர். அவளுக்குப் பணிவிடை செய்வோரின் நிறம் கருமை. ‘சிவப்பாக இருந்தால்தான் அழகு’ என்ற பேச்சு நம் வீடுகளிலும் காதில் விழுவதுண்டு. அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்தப் படத்தை அவ்வளவு எளிதில் கடந்துபோக மாட்டார்கள்.

அப்படியானால் அம்ரிதா எல்லா வார்ப்புகளையும் உடைத்துவிட்டாரா? அப்படிச் சொல்லிவிட முடியாது. அவர் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். வரைந்ததோ பெரும்பாலும் ஏழைகளை. எல்லையற்ற பொறுமையுடன் மௌனமாக வாழும் எளிய இந்தியர்களை ஓவியத்தில் காட்டுவதே தம் பணி என்று அவர் எழுதினார். ஆனால், கிராமத்துப் பெண் எப்போதும் சோகமாகவும் மௌனமாகவுமா இருப்பாள்? சந்தையில் அவள் பேரம் பேச மாட்டாளா? கோபித்துக்கொள்ள மாட்டாளா? வாய்விட்டுச் சிரிக்க மாட்டாளா? விளம்பரத் தாளின் சிரித்த முகத்தை நீக்கிவிட்டு அவர் வைத்த வாடிய முகமும் இன்னொரு வார்ப்பாகிவிட்டது என்று விமர்சகர் சிலர் கூறுகின்றனர். இக்கூற்றில் நியாயம் உண்டு என்றே கருதுகிறேன். பின்னாளில் அவர் பாணி மாறியதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 1938இல் உறவினரான மருத்துவர் விக்டர் ஏகனை மணந்து, அடுத்த ஆண்டு கோரக்பூருக்கு அருகிலுள்ள சராயாவில் குடியேறிய பிறகு, அவருடைய ஓவியங்களில் பெண்கள் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து ஓய்வெடுத்தார்கள். வண்ணங்களில் சூடு ஏறியது.

இந்த மாற்றம் எங்கே போய் நின்றிருக்கும் என்பதைக் காண வாய்ப்பில்லாமல் போயிற்று. 1941ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் லாகூரில் அம்ரிதா காலமானார். அப்போது அவருக்கு வயது 28.

1976இல் இந்திய அரசு அவருடைய படைப்புகளைத் தேசியக் கலைச் செல்வம் என அறிவித்தது. இதனால், இந்தியாவில் உள்ள அவருடைய ஓவியங்களை வெளிநாட்டவருக்கு விற்று அனுப்ப முடியாது. 2023இல் அவருடைய ‘கதைசொல்லி’ ஓவியம் ஏலத்தில் 61.8 கோடி ரூபாய்க்கு விலைபோனது. ‘மூன்று பெண்கள்’, ‘பிரம்மச்சாரிகள்’ உள்ளிட்ட பல ஓவியங்கள் புதுடில்லியில் உள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்தில் பாதுகாக்கப்படுகின்றன.