எல்லை கடந்த குரல்கள் – 9: பெரிய டெங், சின்ன டெங்

சென்ற வாரம் டாலிடாவைப் பார்த்தோம். கெய்ரோவில் இத்தாலியக் குடும்பத்தில் பிறந்து, பாரிஸில் கொடிகட்டிப் பறந்தவர். இந்த வாரம் அப்படியே கிழக்கே போவோம்.

1979 பிப்ரவரி. டோக்கியோவில் 26 வயதுப் பாடகி ஒருவரைக் குடிவரவு அதிகாரிகள் பிடித்து வைத்தார்கள். பிறந்தது தைவான், கையில் இருந்ததோ இந்தோனேசிய பாஸ்போர்ட். ஜப்பானியப் பத்திரிகைகளுக்குக் கேட்கவா வேண்டும்? மாட்டியவர் தெரசா டெங். ஐந்து ஆண்டுகளாக ஜப்பான் வீடுகளில் ஒலித்துக்கொண்டிருந்த குரல்.

அவருக்கு ஏன் இந்த வேலை? 1972-ல் ஜப்பான் பெய்ஜிங் அரசை அங்கீகரித்தது. தைவானுடன் தூதரக உறவை முறித்துக்கொண்டது. வேறு பல நாடுகளும் அதே வழியில் போயின. தைவான் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு விசாவுக்கும் அலைவது பெரும்பாடாகிவிட்டது. இன்று ஹாங்காங், நாளை டோக்கியோ என்று ஓடுகிற பாடகிக்கு விசா தாமதமானால் கச்சேரி போயிற்று. குறுக்கு வழியில் இந்தோனேசிய பாஸ்போர்ட் வாங்கினார், அகப்பட்டார். ஓராண்டுக்கு ஜப்பான் பக்கம் வரக்கூடாது என்று அனுப்பி வைத்தார்கள்.

தெரசாவின் கதையில் பாஸ்போர்ட்டும் அரசியலும் கடைசிவரை கூடவே வரும். அவர் பல மொழிகளில் பாடியதையும் அந்தப் பின்னணியில் வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

1953 ஜனவரி 29-ல் தைவானின் யுன்லின் மாவட்டத்தில் பிறந்தார். இயற்பெயர் டெங் லீ-யுன். அப்பா சியாங் கை-ஷேக் படையில் இருந்தவர். சீன உள்நாட்டுப் போரில் தோற்றுத் தீவுக்கு வந்த லட்சக்கணக்கானோரில் ஒருவர். நான்கு ஆண் பிள்ளைகளுக்கு நடுவே ஒரே பெண். ராணுவக் குடியிருப்பில் வளர்ந்த சிறுமிக்கு வீட்டில் பேசிய மாண்டரின் தாய்மொழி. தீவு மக்கள் பேசிய ஹொக்கியன் தெருவில் வந்து ஒட்டிக்கொண்டது. பத்து, பதினோரு வயதில் வானொலிப் போட்டியில் ஹுவாங்மெய் இசைநாடகப் பாட்டைப் பாடிப் பரிசு வாங்கினார். பதினான்கு வயதில் படிப்பை விட்டார். ரெக்கார்டு கம்பெனியில் ஒப்பந்தம் ஆனார்.

1974-ல் ஜப்பானின் பாலிடோர் நிறுவனம் அவரை அறிமுகப்படுத்தியது. துள்ளலான இளம்பெண் பாட்டாகக் கொடுத்த முதல் இசைத்தட்டு போணியாகவில்லை. அடுத்து, பிரிந்துபோகும் பெண்ணின் சோகப் பாட்டான ‘கூகோ’வைக் கொடுத்தார்கள். விமான நிலையம் என்பது அதன் பொருள். அது ஓடியது, அந்த ஆண்டே ஜப்பான் ரெக்கார்டு விருதில் புதுமுகப் பரிசு கிடைத்தது. மூச்சுக்காற்று கலந்த அந்த மெல்லிய குரலுக்கு எது பொருந்தும் என்பது அங்கேதான் பிடிபட்டது.

பாஸ்போர்ட் விவகாரத்தில் ஜப்பான் விதித்த தடைக்காலத்தை அமெரிக்காவில் கழித்தார், ஆங்கிலம் படித்தார். 1980-ல் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் பாடினார். அதே ஆண்டு கான்டனீஸ் மொழியில் ஓர் ஆல்பம். இந்தோனேசிய மொழியிலும் பாடியிருக்கிறார். 1979-ல் வந்த ‘தியான் மீ மீ’ என்ற அவரது புகழ்பெற்ற சீனப் பாட்டின் மெட்டே இந்தோனேசிய நாட்டுப்புறப் பாட்டிலிருந்து எடுத்ததுதான்.

இதற்கிடையே அவர் கால் வைக்காத ஒரு நாட்டில் அவரது குரல் நுழைந்துவிட்டது. கலாசாரப் புரட்சி முடிந்த சீனாவில், பத்தாண்டுகளாக அணிவகுப்புப் பாட்டும் புரட்சி நாடகமும் கேட்டுச் சலித்த காதுகள். ஹாங்காங் வழியாகக் கேசட்டுகள் போயின. ஒன்றைப் பதிந்து பத்தாக்கினார்கள். அரசு அதைச் சீரழிவு இசை என்று தடுத்தது. 1983-ல் ‘ஆன்மிக மாசு’ ஒழிப்பு இயக்கத்திலும் அவர் பாட்டு சிக்கியது. ஆனாலும் பகலில் டெங் சியாவோபிங், இரவில் சின்ன டெங் என்று ஜனங்கள் கேலியாகச் சொல்லிக்கொண்டார்கள். நாட்டின் தலைவருக்கும் தெரசாவுக்கும் குடும்பப் பெயர் ஒன்று.

தைவான் அரசு சும்மா இருக்குமா? சீனக் கரைக்கு எதிரே இருக்கும் கின்மென் தீவில் ராட்சத ஒலிபெருக்கிகளை வைத்து, தெரசாவின் குரலை அந்தப் பக்கம் அனுப்பியது. ஒரு அரசு ஆயுதமாக்கிய குரலை இன்னொரு அரசு குற்றமாக்கியது. கேட்டவர்களுக்கோ அது காதல் பாட்டு.

1984-ல் ஜப்பானுக்குத் திரும்பினார். பழைய பாஸ்போர்ட் விவகாரத்தை ரசிகர்கள் பெரிதுபடுத்தவில்லை. இசையமைப்பாளர் மிகி தகாஷி, பாடலாசிரியர் அராகி தொயோஹிசா இருவரும் ஆண்டுக்கொன்றாக மூன்று பாட்டுகள் கொடுத்தார்கள்: ‘த்சுகுனாய்’, ‘அய்ஜின்’, ‘தோகி நோ நாகரே நி மி ஓ மகசே’. மதுக்கடைகளிலும் உணவகங்களிலும் கம்பி வழியே வரும் இசைச் சேவையில் வாடிக்கையாளர்கள் கேட்டு வாங்கிய பாட்டுகள் இவை. அந்த விருப்பங்களை வைத்துத் தரும் விருது 1984, 85, 86 என்று தொடர்ந்து மூன்று முறை அவருக்கே போனது. மூன்றாவது பாட்டின் மெட்டுக்குச் சீன வரிகள் எழுதி 1987-ல் வெளியிட்டார்கள். ஜப்பானில் விளைந்த மெட்டு, சீன மொழி பேசும் ஊர்களிலெல்லாம் சொந்தப் பாட்டானது.

1989 மே 27. பெய்ஜிங்கின் தியனன்மென் சதுக்கத்தில் ஜனநாயகம் கேட்டு மாணவர்கள் அமர்ந்திருந்த நேரம். ஹாங்காங்கின் ஹேப்பி வேலி பந்தயத் திடலில் அவர்களுக்கு ஆதரவாக நடந்த கச்சேரியில் தெரசா பாடினார். ஒரு வாரத்தில் பெய்ஜிங்கில் துப்பாக்கிச் சூடு. சீனாவில் மேடையேறும் வாய்ப்பு அத்துடன் மூடியது. பிறகு பாரிஸில் குடியேறினார், பாடுவதும் குறைந்தது. 1995 மே 8-ல் தாய்லாந்தின் சியாங் மாயில் ஆஸ்துமா தாக்கி இறந்தார். வயது 42. சவப்பெட்டிக்குத் தைவான் அரசு தேசியக் கொடி போர்த்தியது.

பல மொழியில் பாடியவர்கள் ஏராளம். சந்தைக்காக வரிகளை மனப்பாடம் செய்து ஒப்பித்தவர்களும் உண்டு. தெரசா ஜப்பானிய மொழியில் பாடினால் ஜப்பானியப் பாடகி, மாண்டரினில் பாடினால் சீனப் பாடகி. அந்தந்த மண்ணின் சோகத்தைப் பிடித்ததால்தான் அரசுகள் மூடிய கதவை ரசிகர்கள் திறந்தார்கள். சீனப் பெருநிலத்தில் ஒரு கச்சேரிகூடச் செய்யாமல் அந்நாட்டின் வெகுஜன இசை ரசனையை இந்த அளவுக்கு மாற்றியவர் வேறு யாரும் இல்லை.

அடுத்த வாரம், 1960-ல் தாயின் இறுதிச் சடங்குக்குக்கூட நாடு திரும்ப முடியாமல் போன தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மகேபா.

(தொடரும்)