கண்ணைக் காக்குமா கவுனி அரிசி?

கானாடுகாத்தான், செட்டிநாட்டு அரண்மனை இருக்கும் ஊர். அங்கே கல்யாண விருந்து என்றால் கவுனி அரிசி இனிப்புக்குத் தனி இடம் உண்டு. கவுனி என்பது கறுப்பு அரிசி. அதை நெடுநேரம் ஊற வைப்பார்கள். குழைய வேக வைத்து, சர்க்கரை, தேங்காய்த் துருவல், நெய் சேர்த்துக் கிளறுவார்கள்.

இந்த அரிசிக்கு இப்போது புதுப் பெருமை வந்திருக்கிறது. "சர்க்கரை வியாதிக்காரர்களின் கண்ணைக் காக்கும்" என்று சிலர் சொல்கிறார்கள். மஞ்சளையும் பொன்னாங்கண்ணிக் கீரையையும் பற்றி இதே பேச்சு உண்டு.

இதில் எவ்வளவு உண்மை?

சத்தமில்லாத திருடன்

கண்ணின் உட்புறத்தில் ஒரு மெல்லிய திரை இருக்கிறது. அதற்கு விழித்திரை என்று பெயர். நாம் பார்க்கும் உருவம் அதில்தான் விழுகிறது.

விழித்திரையில் தலைமுடியை விட மெல்லிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்தே இருந்தால், அந்தக் குழாய்கள் கெடுகின்றன. சில கசிகின்றன. விழித்திரை வீங்குகிறது. சில குழாய்கள் அடைத்துக் கொள்கின்றன.

அடைத்த இடத்துக்குப் பிராணவாயு போவதில்லை. உடனே கண் புதிய குழாய்களை வளர்க்கிறது. அவை பலமற்றவை. ஒரு நாள் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கொட்டும். பார்வை மறையும்.

இவ்வளவு நடந்தாலும் வலி இருக்காது. தொடக்கத்தில் பார்வையும் மங்காது. ஆபத்து அதில்தான் இருக்கிறது.

செடியில் என்ன இருக்கிறது?

கவுனி அரிசிக்குக் கறுப்பு நிறம் தருவது ஆந்தோசயனின் என்ற பொருள். அது மேல் தவிட்டில் இருக்கிறது. தவிட்டைத் தீட்டி எடுத்தால் அதுவும் போய்விடும். மஞ்சளின் நிறம் குர்குமின் என்ற பொருளால் வருகிறது. கீரைகளில் லூட்டீன் இருக்கிறது. நம் விழித்திரையின் நடுப்பகுதியிலும் லூட்டீன் உண்டு. அது நாம் தின்னும் உணவிலிருந்தே அங்கே போய்ச் சேருகிறது.

சர்க்கரை மிகுந்தால் உடலில் சில நச்சுப் பொருள்கள் பெருகும். செடிகளில் உள்ள இந்தப் பொருள்கள் அவற்றை அடக்கக் கூடியவை. அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் இவற்றை ஆராய்கிறார்கள்.

எலிக்குப் பலித்தது

டில்லி ஆராய்ச்சியாளர்கள் சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளுக்கு 16 வாரம் குர்குமின் கொடுத்தார்கள். அந்த எலிகளின் விழித்திரைக் கேடு குறைந்தது. இந்த முடிவு 2011-ல் வெளிவந்தது.

ஆனால் கொடுத்த அளவைப் பாருங்கள். எலியின் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் குர்குமின்! நூறு கிராம் மஞ்சளில் இருப்பதே சுமார் 3 கிராம்தான். அதையும் நம் குடல் சரியாக உறிஞ்சுவதில்லை. குழம்பில் போடும் ஒரு சிட்டிகை மஞ்சள் இந்த வேலையைச் செய்யாது.

எலிக்குப் பலித்தது எல்லாம் மனிதனுக்குப் பலிப்பதில்லை. செடிப் பொருள் எதுவும் இந்தக் கண் நோய்க்கு முறையான சிகிச்சையாக இன்னும் ஆகவில்லை.

மருந்தான செடி

அதற்காகச் செடியை ஏளனம் செய்ய வேண்டாம். ஐரோப்பாவில் கலேகா என்று ஒரு செடி உண்டு. அதில் உள்ள பொருளைப் பற்றிய ஆராய்ச்சி மெட்பார்மின் என்ற மருந்துக்கு வழி காட்டியது. 1922-ல் அதை ஆய்வுக்கூடத்தில் செய்தார்கள். 1957-ல்தான் பிரான்ஸ் நாட்டு டாக்டர் ஸ்டெர்ன் அதைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலனை வெளியிட்டார். நடுவே 35 ஆண்டுகள்! இன்று உலகெங்கும் சர்க்கரை நோயாளிகள் விழுங்கும் மாத்திரை அது.

கண்ணைக் காப்பது எது?

சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதே முதல் காவல். இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆராய்ச்சியின் முடிவு 1998-ல் வெளிவந்தது. சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் ஆகியவற்றின் சிறு இரத்தக் குழாய்களில் வரும் கேடு கால் பங்கு குறைந்தது. இரத்தக் கொதிப்பை அடக்கியதும் கண்ணுக்கு உதவியது.

இரண்டாவது காவல், பரிசோதனை. நடுவயதில் சர்க்கரை நோய் என்று தெரிந்தவர் உடனே விழித்திரையைச் சோதிக்க வேண்டும். பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. இதற்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுவார்கள். சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். துணைக்கு ஆள் வேண்டும்.

கேட்டை முன்பே கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சை உண்டு. கண்ணில் போடும் ஊசியும் உண்டு. செட்டிநாட்டுக்காரர்களுக்கு மதுரை தூரமில்லை. 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது.

கீரை தின்னுங்கள், நல்லது. மஞ்சள் சேருங்கள், நல்லது. ஆனால் எந்தச் சாற்றையும் கண்ணில் விடாதீர்கள். மூலிகையை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கவுனி இனிப்பில் கறுப்பு அரிசி மட்டும் இல்லை. வெள்ளைச் சர்க்கரையும் இருக்கிறது. கண் பெரிதா, நாக்கு பெரிதா என்று யோசித்து இலையில் கை வையுங்கள்!