வைப்பரை வளைக்காதீங்க பாஸ்!

அப்பாவோட பழைய மாருதி 800 வாசல்ல நிக்குதா? ஐப்பசி அடைமழைக்கு முன்னாடி வர்ற ஞாயித்துக்கிழமை உங்களுக்கு ஒரு வேலை இருக்கு. வைப்பர் கையைக் கழட்டி, சுத்தம் பண்ணி, மாட்டணும். அவ்வளவுதான்!

‘வைப்பர் தானே... இழுத்தா வந்துடாதா?’னு நினைக்கிறீங்களா? அங்கதான் சிக்கல். அதுவும் நீங்க அரியலூர், பெரம்பலூர் பக்கம்னா கேட்கவே வேணாம். சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னாடி ஒரு நாள் போனாலே வண்டி வெள்ளை வேட்டி கட்டிக்கும். சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பகுதி கடலா இருந்தது. அந்தக் கடல் விட்டுட்டுப் போன சுண்ணாம்புதான் இன்னைக்குத் தூசியா கண்ணாடியில உட்காருது. அது மழைத்தண்ணியோட சேர்ந்து வைப்பர் அடிப்பாகத்துல இறங்கி, காய்ஞ்சு, இறுகிடும். அங்கே இரும்புத் தண்டும் அலுமினியக் கையும் ஈரத்துல ஒட்டிக் கிடந்தா, அரிமானமும் சேர்ந்து ரெண்டையும் பூட்டிடும்.

சரி, அப்படியே விட்டா என்ன? அடியில நட்டு லூஸாகி பல்லு தேய்ஞ்சா, மோட்டார் சுத்தும், கை அசையாது. ராத்திரி, திருச்சி - சென்னை நான்கு வழிச்சாலை, கொட்டுற மழை, 80 கி.மீ. வேகம்... முன்னாடி போற லாரி சேத்துத் தண்ணியை வாரி அடிக்குது. ரெண்டு செகண்ட் கண்ணு தெரியலைன்னா, 44 மீட்டர் குருடா போயிருப்பீங்க!

வேலைக்கு வருவோமா?

* சாவியை எடுத்து பாக்கெட்ல போடுங்க. வைப்பர் ஓய்வா நிக்கிற இடத்துல, பிளேடை ஒட்டி கண்ணாடியில ஒரு டேப் ஒட்டுங்க. திரும்ப மாட்டும்போது இதுதான் அடையாளம்.

* கண்ணாடி மேல தடிமனா ஒரு துண்டை மடிச்சுப் போடுங்க. ஸ்பிரிங் வேகத்துல கை ‘பட்’டுனு விழுந்தா கண்ணாடி விரிசல் விடும்.

* அடியில இருக்கிற மூடியைத் தூக்கினா நட்டு தெரியும். பெரும்பாலும் 10 அல்லது 12 நம்பர் ஸ்பேனர் போதும். நட்டை முழுசா கழட்டாதீங்க. ரெண்டு மூணு சுத்து மட்டும். தண்டோட மரை தப்பிக்கும். (சில பழைய மாடல்கள்ல நட்டே இருக்காது, சின்ன கிளிப்தான். அதை நெம்பினா போதும்.)

* டபிள்யூ.டி-40 மாதிரி எண்ணெயை அடிச்சுட்டு, ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. அவசரமே வேணாம். அப்புறம் கையைத் தூக்கி நிறுத்தி, அடிப்பாகத்தைப் பிடிச்சு இடமும் வலமுமா மெதுவா ஆட்டுங்க.

* அசையலையா? திரும்ப எண்ணெய், திரும்ப காத்திருப்பு. அதுக்கும் மசியலைன்னா மெக்கானிக் கிட்ட சின்ன ரெண்டு கால் புல்லர் இருக்கும், வாங்கிப் பாருங்க. ஸ்க்ரூ டிரைவரால நெம்புறது, சுத்தியலால தட்டுறது... ம்ஹூம், கூடவே கூடாது! பெயின்ட் போகும், உள்ளே இணைப்பு வளையும், அப்புறம் அப்பா வளைவார்.

கை வந்துடுச்சா? பழைய டூத் பிரஷ்ஷால பல்லு இடுக்கைத் தேய்ங்க. துளி கிரீஸ் வைங்க. வைப்பர் சுவிட்சை ஒருதரம் போட்டு நிறுத்தினா, தண்டு தன் ஓய்வு நிலைக்கு வந்துடும். அப்ப டேப் அடையாளத்துக்கு நேரா கையைப் பொருத்தி, நட்டை இறுக்குங்க. ரொம்ப முறுக்கினா அலுமினியம் உடையும், ஜாக்கிரதை!

ஒரு கொசுறு: 1903-ல் வைப்பருக்கு காப்புரிமை வாங்கினவங்க மேரி ஆண்டர்சன்ங்கிற அமெரிக்கப் பெண். பனியில டிராம் டிரைவர் வழி தெரியாம தவிச்சதைப் பார்த்து வந்த யோசனை. அதால அவங்களுக்குக் காசு கிடைக்கலை. ஆனா நமக்கு வழி தெரியுது.

மாருதி 800 உற்பத்தி 2014-லேயே நின்னுடுச்சு. உங்க வீட்டு வண்டி இன்னும் ஓடுதே... அது கண்ணைத் துடைச்சு விடுங்க, பாஸ்!