வெட்டவெளியிலும் ஆளிருக்கிறது

சீத்தா கேம்ப்பிலிருந்து கட்ச் சிறிய ரணுக்கு ஜீப்பும் கூடாரமுமாக ஒரு குடும்பப் பயணம்

டயரில் காற்றைக் குறைத்தாயிற்று. நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் கியரையும் போட்டாயிற்று. ஜீப் நகரவில்லை. ஒவ்வோர் உறுமலுக்கும் ஓர் அங்குலம் கீழே இறங்கியது. மேலே வெயிலில் வெடித்த தரை, உள்ளே கறுப்புச் சேறு. பின் இருக்கையிலிருந்து இறங்கிய அம்மா, "அப்பவே சொன்னம்லா, உப்புத் தரைய நம்பாதலன்னு" என்றார். தம்பி பதில் பேசவில்லை.

டிராம்பே பக்கத்து சீத்தா கேம்ப்பில் விடுமுறை என்றாலே ரயிலேறி ஊருக்குப் போவதுதான். இந்த முறை ஹோலி விடுமுறைக்கு, மெக்கானிக்கான தம்பி தானே பழுதுபார்த்த பழைய மஹிந்திரா ஜீப்பில் குடும்பத்தையே ஏற்றிவிட்டான். மும்பையில் மஹிந்திரா பூட்டிய வில்லிஸ் ஜீப்பின் வாரிசு அது. அகமதாபாத்தையும் தாண்டி, 600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். குடிக்கத் தண்ணீர், டீசல், ஸ்டவ், அரிசி, கூடாரம் எல்லாம் கூடவே வந்தன.

சிறிய ரண் மழைக்காலத்தில் நீர்ப்பரப்பு, கோடையில் பாளம் பாளமாக வெடித்த களிமண் வெளி. 1973-ல் காட்டுக்கழுதைச் சரணாலயமான இதன் பரப்பு 4,954 சதுர கிலோமீட்டர். 2024 கணக்கெடுப்பில் குஜராத் முழுவதும் 7,672 கழுதைகள் இருந்தன. உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும். எல்லைக்கு வெளியே, ஒரு கிராமத்து ஓரத்தில் கேட்டுக்கொண்டு கூடாரம் அடித்தோம். இரவில் குழந்தைகள் மும்பையில் பார்த்தறியாத அளவு நட்சத்திரங்கள்.

மறுநாள் தவறு எங்களுடையது. மோட்டார் சைக்கிளில் முன்னே போன வழிகாட்டியின் தடத்தை விட்டு, கழுதைக் கூட்டத்தைக் குழந்தைகளுக்குக் காட்டத் தம்பி வண்டியைத் திருப்பினான். தடம் என்பது அங்கே இறுகிய மண். தடம் மாறினால் எத்தனை சக்கரம் சுழன்றாலும் குழிதான் ஆழமாகும்.

காப்பாற்றியது தொலைவில் தெரிந்த ஒரு குடிசை. அங்கிருந்து ஓர் அகரியா குடும்பம் சாக்கும் பலகையுமாக நடந்து வந்தது. சக்கரத்தடியில் சேற்றை வாரி, சாக்கைத் திணித்து, எல்லோருமாகத் தள்ள ஒன்றரை மணி நேரத்தில் ஜீப் ஏறியது. பணத்தை வாங்க மறுத்து டீ கொடுத்தார்கள்.

அகரியாக்கள் பரம்பரை உப்புத் தொழிலாளிகள். மழை நின்றதும் குடும்பத்தோடு ரணுக்குள் வந்து, ஆண்டில் ஏறக்குறைய எட்டு மாதம் குடிசை போட்டுத் தங்குகிறார்கள். கிணறு தோண்டி, கடல்நீரைவிட உப்பான நிலத்தடி நீரை இறைத்துப் பாத்திகளில் காய வைக்கிறார்கள். முன்பு டீசல் பம்பு. இப்போது பலரிடம் சூரியசக்திப் பம்பு. குடிநீர் டாங்கர் லாரியில் வருகிறது. பழைய அரசுப் பேருந்துகளைக் குழந்தைகளுக்கு வகுப்பறையாக்கியிருக்கிறார்கள். ஆனால் எந்த இடத்தில் யார் உப்பெடுக்கலாம் என்ற உரிமைப் பதிவு இன்னும் பலருக்குத் தீராத சிக்கல்.

தூத்துக்குடி உப்பளத்தில் சிறுவயதில் வேலை பார்த்த அம்மா, கேட்காமலே பலகையை எடுத்துப் பாத்தியில் உப்பை இழுத்துப் பார்த்தார். அந்த வீட்டுப் பெண் சிரித்தாள். அம்மாவின் பம்பாய் இந்தியும் அவளுடைய குஜராத்தியும் எப்படியோ ஒத்துப்போயின. உள்ளங்கால் வெடிப்பைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

திரும்பும் வழியில் தம்பி, "ஒண்ணுமே இல்லாத வெட்டவெளில அவங்க இருந்தது நம்ம அதிர்ஷ்டம்மா" என்றான்.

"ஒண்ணுமே இல்லன்னு எவன் சொன்னான்?" என்றார் அம்மா. 1976-ல் நெருக்கடிநிலையின்போது பாபா அணுசக்தி ஆராய்ச்சி மையத்துக்காக ஜனதா காலனி இடிக்கப்பட்டு, அங்கிருந்தவர்கள் சீத்தா கேம்ப்பின் சதுப்பு நிலத்துக்கு அனுப்பப்பட்டார்கள். மூட்டையோடு வந்து இறங்கியவர்களில் அம்மாவும் ஒருவர். "நாம வந்தப்ப இதயும் வெறுஞ் சேறுன்னுதான் சொன்னாங்க."

வீடு சேர்ந்ததும் முதல் வேலை, உப்பு இரும்பைத் தின்னாமலிருக்க ஜீப்பின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுவது. குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்காகக் குடங்களோடு காத்திருந்தோம். ரணில் அந்தப் பெண் டாங்கருக்காகக் காத்திருந்ததைப் போலவே.