அழையா விருந்தாளிகள்

கைப்பேசியை இயக்கும் அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். அவற்றுள் ஆண்ட்ராய்டின் மூல நிரல் 2008 ஆம் ஆண்டு முதல் யாவரும் படிக்கவும் திருத்தவும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. ஆனால் பேஸ்புக், வாட்ஸ்அப் போன்ற சமூக ஊடகச் செயலிகளின் நிரலை நம்மால் படித்துப் பார்க்க இயலாது.

கைப்பேசி நிறுவனங்கள் சில, இத்தகைய செயலிகளை விற்பனைக்கு முன்பே பதித்துவிடுகின்றன. இயங்குதளத்தின் பகுதியாகவே பதித்துவிட்டால், அவற்றை நாம் முடக்கி வைக்கலாமேயன்றி எளிதில் நீக்க இயலாது. 2016 இல் தோன்றிய லினேஜ் ஓஎஸ் என்னும் திறந்த இயங்குதளமோ அவற்றைச் சேர்ப்பதில்லை; வேண்டுவோர் தாமே நிறுவிக்கொள்ளலாம்.

விருந்தினரை அழைக்கும் உரிமை வீட்டாருக்கே உரியதன்றோ? ஆகவே, அன்புத் தோழியரே, புதிய கைப்பேசி வீட்டிற்கு வந்ததும் பெற்றோருடன் அமர்ந்து, தேவையற்றவற்றை முடக்கிவைப்போம்.