ஆடு மேய்த்தபடி பாடம் கேட்ட தேனி பெண்கள்

சென்ற சம்பாவில் ஒரு நாள் காலை, அபிராமபுரத்தில் இருக்கும் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கையில் பிடித்த ஒற்றை நெல் இலை, மஞ்சளாக. கீழே ஒரே வரி: "என்ன போடலாம் சார்?" தழைச்சத்துப் பற்றாக்குறை என்று எண்ணி, யூரியா மேலுரம் இடச் சொல்லிவிட்டேன். மாலையில் இன்னொரு படம் வந்தது. மஞ்சள், இலையின் ஓரத்திலிருந்து அலை அலையாக உள்ளே இறங்கியிருந்தது. பாக்டீரியா இலைக்கருகல்! தழைச்சத்து கூடினால் இந்நோய் தீவிரமாகும். உடனே அழைத்தேன். பாதி வயலில் யூரியா போட்டு முடித்திருந்தார். அந்தப் பாதிதான் அதிகம் கருகியது. தவறு என்னுடையது. நட்டு எத்தனை நாள், அடி இலையா குருத்தா என்றுகூட நான் கேட்கவில்லை.

படம் அனுப்ப வழியில்லாத சாதாரண போனிலேயே நன்றாகக் கற்றவர்கள் நம் மாநிலத்தில் உண்டு. கனடாவைத் தலைமையிடமாகக் கொண்ட காமன்வெல்த் கற்றல் அமைப்பு, விவசாயிகளுக்கான 'வாழ்நாள் கற்றல்' திட்டத்தைத் தமிழகத்தில் நடத்தியது. அதில் சேர்ந்தது தேனி மாவட்டப் பெண்களின் 'விடியல்' கூட்டமைப்பு. 2000-களின் இறுதியில் அதன் உறுப்பினர்கள் சுமார் 300 பேர் ஆடு வளர்க்க வங்கிக் கடன் பெற்றனர். ஆடு, கொட்டகை, காப்பீடு ஆகியவற்றோடு ஒரு செல்போனின் விலையும் அந்தக் கடனிலேயே சேர்ந்திருந்தது.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் துணையோடு பாடங்கள் தயாராயின. நல்ல ஆட்டைத் தேர்வு செய்வது, தீவனம், நோய்த் தடுப்பு, விற்பனை என்று ஒவ்வொன்றும் சிறு குரல் செய்தியாகப் போனில் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஆட்டை மேய்த்தபடியே கேட்கலாம். கேட்டதைக் குழுக் கூட்டத்தில் பேசித் தெளிவு பெற்றார்கள். போன் மட்டும் தனியாகக் கற்றுக்கொடுத்துவிடவில்லை. கடன் வாங்கிய ஆடு கொட்டகையில் நின்றது. தவணை கட்ட வேண்டும். அதனால்தான் காது கொடுத்துக் கேட்டார்கள் என்பது என் கருத்து. போன் அந்தப் பெண்ணின் கையிலேயே இருந்ததும் முக்கியம். இன்று பல வீடுகளில் களை எடுப்பதும் மாடு பார்ப்பதும் பெண்கள். ஆலோசனைச் செய்தி வருவதோ கணவரின் போனுக்கு. விரிவாக்கப் பணியாளர்கள் எண்களைப் பதியும்போது இதைக் கவனிக்கலாம். நூற்றுக்கணக்கானோர் உள்ள குழுவில் நீளமான பி.டி.எஃப். போடுவதைவிட, அந்த வாரம் செய்ய வேண்டிய ஒரே வேலையை ஒரு நிமிடக் குரல் பதிவாக அனுப்புங்கள்.

விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள். இலையைக் கிள்ளி எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். முதலில் வயல் முழுதும் தெரிய ஒரு படம். பிறகு ஒரு தூரை அடி முதல் நுனி வரை. கடைசியாக இலை அருகில். நெல்லில் தழைச்சத்து குறைந்தால் அடியிலுள்ள முதிர்ந்த இலைதான் முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்து குறைந்தால் குருத்து வெளுக்கும். ஒற்றை இலையில் இந்த வித்தியாசம் தெரியாது. ரகம், நட்ட நாள், கடைசியாக இட்ட உரம், தெளித்த மருந்து ஆகியவற்றைக் குரல் பதிவில் சொல்லிவிடுங்கள்.

ஸ்மார்ட்போன் இல்லையென்றாலும் கவலை வேண்டாம். 2004 ஜனவரியில் தொடங்கிய கிசான் கால் சென்டருக்கு 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் காலை 6 முதல் இரவு 10 மணி வரை பேசலாம். தமிழிலேயே பதில் கிடைக்கும். அழைக்கும் முன் வயலில் இறங்கி, தூரை விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாருங்கள். புகையான் பூச்சி அங்கேதான் கூட்டமாக இருக்கும். மேலிருந்து பார்த்தால் பயிர் காய்ந்திருப்பது மட்டுமே தெரியும்.