வீட்டில் ஓர் இசைக் களஞ்சியம்

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதியது)

சேமிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் பணமும் தானியமுமே நம் நினைவுக்கு வருகின்றன. நெசவாளர் சங்கத்தில் நூல் இருப்பைக் காக்கிறோம்; விவசாயிகள் சங்கத்தில் விதையையும் உரத்தையும் காக்கிறோம். ஆனால் நம் வீடுகளில் வேறொரு செல்வமும் உண்டு. பரணில் பழைய துணிமூட்டைக்கும் வெண்கலப் பாத்திரத்துக்கும் நடுவே ஓர் அட்டைப் பெட்டி இருக்கும். அதில் கேசட்டுகள் கிடக்கும். கலியாண வீட்டு நாதஸ்வரம், கோயில் திருவிழாப் பாட்டு, மறைந்துபோன பெரியவர் ஒருவரின் குரல் ஆகியவை அவற்றில் உறங்கிக்கொண்டிருக்கும். அச்செல்வத்தைக் காக்க வழி உண்டா என்று அங்கத்தினர் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. உண்டு என்பதையும், அதை எவ்வாறு செய்வது என்பதையும், எந்தப் பிழையைத் தவிர்க்கவேண்டும் என்பதையும் இக்கட்டுரையில் கூற விரும்புகிறேன். அந்தப் பிழையை நானே செய்தவன். ஆதலால் அதைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல நேரும்.

கேசட்டின் ஆயுள்

கேசட்டை 1963-ஆம் ஆண்டில் பிலிப்ஸ் கம்பெனியார் வெளியிட்டனர். 1980-களில் அது நம் நாட்டில் மலிந்து, சிற்றூர்களிலும் பரவியது. அதனுள் இருப்பது மெல்லிய பாலியஸ்டர் நாடா. அதன்மேல் காந்தத்தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு பூசப்பட்டிருக்கும். அப்பூச்சை ஒட்டவைக்கும் பசை நாளடைவில் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும், பூஞ்சணம் பிடிக்கும், பூச்சு உதிரும். கேசட்டை ஓட்டும் கருவிகளும் இப்போது அருகிவிட்டன. ஆகவே அதில் உள்ளதைக் காலம் தாழ்த்தாமல் வேறிடத்துக்கு மாற்றிவிடுவதே அறிவுடைமையாகும்.

கைபேசியில் மாதச் சந்தா கட்டிப் பாட்டுக் கேட்கும் வசதி இருக்க, இத்தனை சிரமம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். சந்தா நின்றால் பாட்டும் நின்றுவிடும். மேலும் உங்கள் ஊர் நாதஸ்வரக்காரரின் வாசிப்பு எந்தக் கம்பெனியின் பட்டியலிலும் இராது.

உள்ளங்கையில் ஒரு கணினி

இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் நகரில், சிறுவர்கள் கணினியைக் கற்கவேண்டும் என்னும் நோக்கத்துடன் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி உருவாக்கப்பட்டு, 2012 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. ஒரே பலகையில் அமைந்தது. நீளம் சுமார் 85 மில்லிமீட்டர், அகலம் 56 மில்லிமீட்டர். சங்கத்தின் பாஸ் புத்தகத்தைவிடச் சிறியது எனலாம். அதற்குத் திரையோ தட்டச்சுப் பலகையோ இல்லாமலே வேலை செய்யும். இதனை இசைக்கென்றே ஒதுக்கிவிட்டால், வீட்டுப் பாட்டுகள் அனைத்தும் அதனோடு இணைத்த ஹார்டு டிஸ்க்கில் இருக்கும். கூடத்தில் இருப்பவரும் தறிக்கூடத்தில் இருப்பவரும் தத்தம் கைபேசியிலிருந்தே வேண்டிய பாட்டை அழைத்துக்கொள்ளலாம். பண்டகசாலை ஒன்று, பெறுபவர் பலர்.

இப்பண்டகசாலையை நடத்தும் மென்பொருள்களுள் லிரியன் மியூசிக் சர்வர் என்பது ஒன்று. அதன் வரலாறு கூட்டுறவாளர் அறியத்தக்கது. ஸ்லிம் டிவைசஸ் என்னும் அமெரிக்கக் கம்பெனி, தன் இசைக் கருவிகளுக்காக இதை உருவாக்கி, மூலநிரலை யாவரும் பார்க்கவும் திருத்தவும் உரிமை அளித்தது. 2006-இல் அக்கம்பெனியை லாஜிடெக் விலைக்கு வாங்கியது. 2012-இல் ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற அக்கருவிகளின் உற்பத்தி நின்றது. 2024-இல் அவற்றுக்காக நடத்திவந்த இணையச் சேவையும் மூடப்பட்டது. ஆயினும் மென்பொருள் மடியவில்லை. மூலநிரல் பொதுவில் இருந்தமையால், அதைப் பயன்படுத்துவோரே சேர்ந்து பராமரித்து, லிரியன் என்று புதுப்பெயரிட்டு இலவசமாக வழங்கிவருகின்றனர். கடைக்காரர் கதவைச் சாத்தியபின் வாடிக்கையாளரே கூடிக் கடையை நடத்துவதற்கு இது ஒப்பாகும். 1844-இல் ராச்டேலில் 28 பேர் தங்களுக்கென ஒரு கடை திறந்த கதையை அறிந்த நமக்கு இது புதிதன்று.

அமைக்கும் முறை

தேவையான சாமான்கள் இவை: சிறு கணினி ஒன்று, அதற்குரிய 5 வோல்ட் மின்இணைப்பு, 16 ஜிபி மெமரி கார்டு, பாட்டுகளுக்கு ஒரு ஹார்டு டிஸ்க், ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும். கணினியில் பாட்டு எண்களாகவே இருக்கும். அவ்வெண்களை மீண்டும் ஒலியாக மாற்ற டிஏசி என்னும் சிறு கருவி வேண்டும். ராஸ்பெர்ரி பை 4-ஆம் மாதிரியில் ஹெட்ஃபோன் துளை உண்டு; 2023-இல் வந்த 5-ஆம் மாதிரியில் இல்லை. வாங்குமுன் இதைக் கவனிக்கவேண்டும். இந்த வேலைக்குப் புதிய மாதிரியே வேண்டும் என்பதில்லை. பழைய மாதிரியும் போதும்.

வேறொரு கணினியில் பைகோர்பிளேயர் என்னும் இயக்க மென்பொருளை இறக்கி, மெமரி கார்டில் எழுதிக்கொள்க. கார்டைச் சிறு கணினியில் செருகி, வீட்டு ரவுட்டருடன் வயரால் இணைத்து, மின்சாரம் கொடுக்கவேண்டும். ரவுட்டர் அதற்கு ஒரு முகவரி எண் கொடுக்கும். அந்த எண்ணைக் கைபேசியின் உலாவியில் இட்டால் ஒரு பக்கம் திறக்கும். அதில் முதலில் கார்டின் இடத்தை விரிவாக்கிக்கொண்டு, பின்னர் சர்வர் பகுதிக்குச் சென்று நிறுவும் பொத்தானை அழுத்தினால் லிரியன் வந்து அமரும். ஹார்டு டிஸ்க்கை இணைத்து, பாட்டுகள் உள்ள இடத்தைக் காட்டிவிட்டால், அதுவே பட்டியல் தயாரித்துக்கொள்ளும். அதன்பின் அதே முகவரியுடன் 9000 என்ற எண்ணைச் சேர்த்து அழைத்தால் வீட்டிலுள்ள எவரும் பாட்டுக் கேட்கலாம். இதை வெளி இணையத்துக்குத் திறந்துவிடக் கூடாது; வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

பைகோர்பிளேயரில் ஒரு நன்மை உண்டு. இயக்க மென்பொருள் முழுவதும் கணினியின் நினைவகத்தில் ஏறி நின்று வேலை செய்கிறது. கார்டில் ஓயாமல் எழுதிக்கொண்டிருப்பதில்லை. ஆகவே மின்சாரம் திடீரென நின்றாலும் கார்டு பழுதாகும் அபாயம் மிகக் குறைவு. இதன் அருமையை நான் பின்னரே உணர்ந்தேன்.

மின்செலவைக் கணக்கிடுவோம். 5 வாட் என்று வைத்துக்கொண்டால், இரவு பகலாக ஓடினாலும் மாதத்துக்கு 3.6 யூனிட்டே ஆகும்.

விதைநெல்லும் அரிசியும்

கேசட் ஓட்டும் கருவியின் வெளியீட்டுத் துளையிலிருந்து ஒரு வயரை எடுத்து, யூஎஸ்பி ஒலி இணைப்பி வழியாக மேசைக் கணினியிலோ மடிக்கணினியிலோ சேர்க்கவேண்டும். ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் பதிவு செய்யலாம். 30 நிமிஷப் பக்கத்தைப் பதிவு செய்ய 30 நிமிஷம் ஆகத்தான் ஆகும். இதில் குறுக்கு வழி கிடையாது. ஒலி அளவு சிவப்புக் கோட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். தொட்டால் குரல் சிதைந்துவிடும். பின்னர் சீராக்க இயலாது.

பதிந்ததை எந்த உருவில் சேமிப்பது? எம்பி3 என்னும் உருவு இடத்தை மிச்சப்படுத்துவதற்காக ஒலியின் சில நுட்பங்களை விட்டுவிடுகிறது. ஃப்ளாக் என்பது எதையும் விடாமல் அடக்கி வைக்கிறது. விவசாய அங்கத்தினருக்கு ஓர் உவமை போதும். நெல்லை எந்நாளும் அரிசியாக்கலாம்; அரிசியை நெல்லாக்க முடியாது. ஆகவே ஃப்ளாக்கை விதைநெல்லாக வைத்துக்கொள்க. கைபேசியில் கேட்க எம்பி3 பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

இடம் போதுமா என்ற கவலை வேண்டியதில்லை. ஒலியை வினாடிக்கு 44,100 முறை, ஒவ்வொரு முறையும் 16 பிட் அளவில், இரு தடங்களாகப் பதிந்தால், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 எம்பி ஆகும். ஃப்ளாக்கில் அடக்கினால் அது பெரும்பாலும் பாதியையொட்டிக் குறையும். ஒரு மணி நேரக் கேசட்டுகள் 100 இருந்தாலும் 40 ஜிபிக்குள் அடங்கிவிடும்.

பதிவேடும் முக்கியம். பாடியவர், ஊர், ஆண்டு, நிகழ்ச்சி ஆகியவற்றை ஒவ்வொரு பாட்டிலும் குறிப்பாக எழுதி வைக்க இடம் உண்டு, தமிழிலேயே எழுதலாம். பெயரில்லாத சரக்கு கிடங்கில் இருந்தும் இல்லாதது போன்றதே. குரலை அடையாளம் சொல்லக்கூடிய முதியவர்கள் இருக்கும்போதே அவர்களை அருகில் அமர்த்திக்கொண்டு இதை முடித்துவிடுவது நல்லது. கடையில் வாங்கிய இசைத்தட்டுகளை நம் வீட்டு உபயோகத்துக்கு ஏற்றிக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். பிரதி எடுத்துப் பிறருக்கு வழங்குதல் முறையன்று.

நான் செய்த பிழை

என் தாய்வழிப் பாட்டனார் கைத்தறி நெசவாளர். மார்கழி விடியற்காலையில் அவர் தெருப் பஜனையில் முன்பாட்டு அவருடையதாகவே இருக்கும். 1988-ஆம் ஆண்டு மார்கழியில் உறவினர் ஒருவர் அதைக் கேசட்டில் பதிவு செய்திருந்தார். பக்கத்துக்கு 30 நிமிஷமாக இரு பக்கமும் நிறைந்திருந்தது. இரண்டாம் பக்கத்தின் இறுதியில், பாட்டு முடிந்தபின், என் தாயாரைப் பெயர் சொல்லி அழைத்து விளக்குத் திரியைத் தூண்டச் சொல்வார். அவர் காலமானபின் என் தாயார் அந்த இடத்தையே திரும்பத் திரும்பக் கேட்பார்.

அதைக் கணினியில் ஏற்றியது நான்தான். சில வாரங்களுக்குப்பின் கேசட்டை மறுபடி ஓட்டியபோது, நாடா கருவியில் சிக்கி அறுந்துவிட்டது. கணினியில்தான் இருக்கிறதே என்று எண்ணிக் கேசட்டை எறிந்துவிட்டேன். அந்நாளில் பாட்டுகளையெல்லாம் சாதாரண இயக்க மென்பொருள் இருந்த அதே மெமரி கார்டில் வைத்திருந்தேன். ஐப்பசி மழையில் ஓரிரவு மின்சாரம் மும்முறை போய்ப் போய் வந்தது. காலையில் கார்டைக் கணினி ஏற்கவில்லை. பழுது பார்ப்பவரிடம் கொடுத்தும் பயனில்லை. என் தங்கை முதற்பக்கத்தை மட்டும் தன் கைபேசியில் வாங்கி வைத்திருந்தாள். ஆகவே 30 நிமிஷம் பிழைத்தது. மற்ற 30 நிமிஷம் போயிற்று. என் தாயார் என்னை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. இருப்பு எங்கே, அதற்குச் சான்று எங்கே என்று சங்கந்தோறும் கேட்டு வருபவன் நான்.

அதன்பின் நான் வகுத்துக்கொண்ட விதிகள் சில. பாட்டுகளுக்கு மூன்று பிரதிகள் இருக்கவேண்டும். ஒன்று சர்வரில், இரண்டாவது, இணைக்காமல் பீரோவில் வைத்த வேறொரு ஹார்டு டிஸ்க்கில், மூன்றாவது உறவினர் வீட்டில். வெள்ளமும் தீயும் ஒரு வீட்டோடு நிற்கட்டும். அறுந்த நாடாவையும் எறியக் கூடாது. ஒட்டுப்போட்டு ஓட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை தணிக்கை செய்யவேண்டும். ஃப்ளாக் கோப்பு ஒவ்வொன்றினுள்ளும் ஒரு சரிபார்ப்பு எண் எழுதப்பட்டிருக்கிறது. சோதனைக் கட்டளை கொடுத்தால் ஒலி மாறாமல் இருக்கிறதா என்று அது சொல்லிவிடும். கணக்கு முடிக்கும் மார்ச்சு மாதத்தை இதற்கு வைத்துக்கொண்டால் மறக்காது.

சங்கங்களுக்கு ஒரு யோசனை

சிறு கணினியை அவரவர் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் நல்ல நிலையிலுள்ள கேசட் கருவியும் ஒலி இணைப்பியும் ஒரு குடும்பத்துக்குச் சில வாரங்களே தேவைப்படும். பொதுக்குழுவின் ஒப்புதலுடன் சங்கம் இவற்றை ஒருமுறை வாங்கி வைத்து, முறை வைத்து அங்கத்தினருக்குக் கொடுத்து வாங்கலாம். கருவியைப் பார்த்துக்கொள்ள, கணினி பயின்ற இளைஞர் ஒருவரை நியமிப்பது நலம். இரண்டாம் பிரதியைத் தராத எவருக்கும் முறை முடிந்ததாகக் குறிக்கலாகாது என்ற விதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எஞ்சிய அந்த 30 நிமிஷம் இப்போது மூன்று வீடுகளில் இருக்கிறது. மார்கழியில் என் தாயார் கைபேசியைத் தொட, கூடத்து ஸ்பீக்கரில் பாட்டனார் பாடத் தொடங்குகிறார். முதற்பக்கம் முடிந்ததும் வீடு அமைதியாகிவிடுகிறது. உங்கள் பரணில் உள்ள பெட்டியை வரும் ஞாயிற்றுக்கிழமையே கீழே இறக்குங்கள்.